புது மோட்டாரும் புது அம்மியும்

சென்ற மாதம் நாம் ஒரு சிறிய கார் வாங்கினோம். பள்ளிக்கூட ஆசிரியர் கார் வாங்கினால் எப்படி வாங்குவாரோ அப்படித்தான் வாங்கினோம். அதாவது, கார் நம்முடையது. அதன் விலையில் பெரும்பகுதி வங்கியினுடையது. சாவியை நம் கையில் கொடுத்த இளைஞரிடம், "தம்பி, இந்த வண்டியை முதலில் எத்தனை வேகத்தில் ஓட்டிப் பழக்க வேண்டும்?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். நம் தலையின் நரையைக் கண்டு மனம் இரங்கினார் போலும். "அதெல்லாம் அந்தக் காலம், சார்! ஆயிரம் கிலோ மீட்டர் ஆனதும் முதல் சர்வீஸுக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து, காரோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டினோம். புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோ மீட்டர் வரையில் அளவுக்கு மீறி விரட்டாதீர்கள் என்றும், ஒரே வேகத்திலேயே வெகு நேரம் ஓட்டாதீர்கள் என்றும் அதில் ஒரு மூலையில் இரண்டு வரி இருக்கத்தான் இருந்தது. அந்த இரண்டு வரிகளையும் நாம் மூன்று தரம் படித்தோம். ஏனெனில், இப்படிப்பட்ட இரண்டு வரிகளில் ஒன்றை மட்டும் படித்து மற்றதைப் படிக்காமல் விட்டதால் நம் வீட்டில் நேர்ந்த ஒரு வேடிக்கையும், அதைத் தொடர்ந்து வந்த ஒரு பயங்கர இரவும் நமக்கு நினைவு வந்துவிட்டன.

அது 1984-ஆம் வருஷம். நமக்கு அப்போது வயது ஏழு. நம் தகப்பனார் மன்னார்குடியில் வக்கீலாக இருந்தார். பெரிய வக்கீல் என்று சொல்வதற்கில்லை. கட்சிக்காரர்கள் பீஸுக்குப் பதிலாகப் பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் வக்கீல். அப்படிப்பட்டவர் 1981-ல் பணம் கட்டி ஓர் அம்பாசிடர் காருக்குப் பெயர் பதிவு செய்துவிட்டு, மூன்று வருஷம் காத்திருந்தார். அந்த நாளில் நம் தேசத்தில் கார் வாங்க நினைத்தவர்களுக்கு மனக் குழப்பமே இல்லை. வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர் ஒன்று. பம்பாயில் செய்த பிரீமியர் பத்மினி ஒன்று. பெரும்பாலும் இவ்வளவுதான். 1983 டிசம்பரில் மாருதி என்று ஒரு சின்னக் கார் புறப்பட்டிருப்பதாகப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நம் பாட்டியார், "இதைத் தீப்பெட்டியில் வைத்து விற்பார்களோ?" என்று கேட்டார். ஊரில் அப்போது அதைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை.

தகப்பனாருடைய வாழ்க்கையில் அதுவரையில் புதிது என்று எதுவும் வந்ததில்லை என்பதை நேயர்கள் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய சட்டப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் வேறு யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். சைக்கிள், ஒரு தபால்காரரிடமிருந்து வாங்கியது. கறுப்புக் கோட்டு, காலஞ்சென்ற சீனியருடையது. தோளைச் சற்றுக் குறைத்துத் தைத்துக்கொண்டார். நாற்பது வயதில் முதன் முதலாக, வேறு யாருடைய கையும் படாத ஒரு பொருள் தம்முடையதாகப் போகிறது என்றால், மனிதர் எப்படி நிதானமாக இருக்க முடியும்?

மாசி மாதத்தில் கடிதம் வந்தது. தகப்பனாரும் நம் தாய்மாமனும் சென்னைக்கு ரயிலேறிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வழியில் விழுப்புரத்தில் ஓர் இரவு தங்கினார்கள். முந்நூறு கிலோ மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பிரயாணத்தைப் பற்றி மாமா வெகு காலம் வரை கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரோடு வந்த புத்தகம், முதல் 800 கிலோ மீட்டருக்கு, அதாவது பழைய கணக்கில் 500 மைலுக்கு, இத்தனை வேகத்துக்கு மேல் போகாதே என்று ஓர் எல்லை வகுத்திருந்தது. தகப்பனார் அந்த எல்லையிலிருந்து தாமாகவே ஒரு பெருந்தொகையைத் தள்ளுபடி செய்து, நாற்பது கிலோ மீட்டர் என்று தீர்ப்புக் கூறிவிட்டார். மணிக்கொரு தரம் மரத்தடியில் நிறுத்தி எஞ்சினை இளைப்பாறச் செய்தார். பண்ணுருட்டிக்கு அப்பால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னாலிருந்து ஹார்ன் அடித்து வழி கேட்டதாம். சேத்தியாத்தோப்பில் ஒரு நாய் காரைத் துரத்தி வந்து, அலுத்துப்போய், முன்னால் சென்று உட்கார்ந்துகொண்டு கார் வரட்டும் என்று காத்திருந்ததாம். மாமாவின் பேச்சில் எப்போதும் பாதியைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகும் பாதி எஞ்சி நிற்கிறது அல்லவா?

கார் வீட்டுக்கு வந்த பிறகு நடந்த வைபவங்களைச் சொல்லி முடியாது. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. முகப்பில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. கொல்லையில் காருக்கென்று புதிதாகக் கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. வீட்டின் கூரை இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது என்பதை யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. இரவில் காரின் மேல் போர்த்துவதற்குக் கித்தான் துணி ஒன்று தைத்து வந்தது. காலையில் அதை உருவித் தரையில் மடித்துப் போடுவதும், மாலையில் எடுத்துக் கொடுப்பதும் நம்முடைய பொறுப்பு.

விடியற்காலையில் தகப்பனார் எழுந்ததும் முதல் காரியம் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது. பிறகு எஞ்சினில் எண்ணெயின் அளவு. பிறகு பாட்டரிக்கு வாலை நீர். இவை யாவும் அந்தக் காலத்துக் கார்களுக்கு அவசியமானவையே. ஆனால் அதற்கு மேலும் ஒன்று செய்வார். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கார் நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் சும்மா ஓடவிடுவார். "ராத்திரி முழுவதும் குளிர்ந்து கிடந்திருக்கிறது, பதமாகச் சூடேறட்டும்" என்பார். பங்குனி மாதத்து மன்னார்குடியில் எந்தக் குளிர் வந்து அந்த எஞ்சினை வாட்டியது என்பது அவருக்கே வெளிச்சம்.

பிரயாணம் என்று பார்த்தால், வெள்ளிக்கிழமை ராஜகோபாலசுவாமி கோயில். ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலம் வரை போய்த் திரும்புவது. முன் ஸீட்டு ஒரே நீளமான பெஞ்சு. அதில் தகப்பனாருக்கு அருகில் நம்மை நிறுத்திவைத்து ஓர் உத்தியோகமும் கொடுத்திருந்தார். வேகம் காட்டும் முள்ளை நாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது நாற்பதைத் தொட்டவுடன், "நாற்பது, அப்பா!" என்று கூவ வேண்டும். வீடு திரும்பியதும் தகப்பனார் ஒரு நீண்ட கணக்கு நோட்டை எடுத்து, தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஓடிய கிலோ மீட்டர், உயர்ந்த வேகம் என்று ஐந்து கட்டங்களில் எழுதுவார். உயர்ந்த வேகம் என்ற கட்டத்துக்கு நம்மைக் கூப்பிட்டுக் கேட்பார். "முப்பத்தெட்டு" என்போம். அவர் முகம் மலர்ந்து எழுதிக்கொள்வார்.

நமக்கு இந்த உத்தியோகத்தில் பெருமை இருந்தது உண்மை. ஆனால் மனத்துக்குள்ளே ஒரு குறையும் இருந்தது. ஒரு நாள் நாம் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் பழகுகையில், நிலை தடுமாறிக் கொட்டகைக்குள் பாய்ந்து காரின் மேல் விழுந்தோம். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த தகப்பனார், முதலில் குனிந்து காரின் கதவைத் தடவிப் பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகுதான் நம்மைத் தூக்கினார். இடையில் சென்றது இரண்டு விநாடிதான் இருக்கும். ஏழு வயதுப் பையனுக்கு அந்த இரண்டு விநாடி மிகவும் நீளமானது.

இது இருக்கட்டும். இத்தனை பத்தியம் ஒரு புது எஞ்சினுக்கு எதற்கு என்று இக்காலத்து இளைஞர்கள் கேட்பார்கள். சிலிண்டரின் உட்சுவர் பார்வைக்குக் கண்ணாடிபோல இருந்தாலும், தொழிற்சாலையில் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழைத்திருப்பார்கள். அந்தக் கோடுகளில் எண்ணெய் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்கள் அந்தச் சுவரோடு உரசி, இரண்டிலும் உள்ள நுண்ணிய மேடுகள் தேய்ந்து, ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ள வேண்டும். மற்ற உராயும் பாகங்களும் அப்படியே. பொருந்துவதற்கு முன் அதிவேகமாக விரட்டினால், உராய்வில் சூடு மிஞ்சிப் பாகங்கள் கடித்துக்கொள்ளும். சுவரில் வடு விழும். அக்காலத்துக் கடைசல் வேலை இக்காலத்தைப் போல அத்தனை நுட்பமானதல்ல. எண்ணெயும் அத்தனை உயர்ந்ததல்ல. ஆகையால் பழக்கும் காலம் நீண்டதாக இருந்தது. இங்கிலாந்தில், "புது வண்டி பழகுகிறது, தயவு செய்து முந்திச் செல்லுங்கள்" என்ற பொருளில் பின்புறக் கண்ணாடியில் அட்டை எழுதி ஒட்டிக்கொண்டு ஓட்டுவது வழக்கமாகவே இருந்தது.

ஆனால் புத்தகத்தில் இரண்டாவதாகவும் ஒரு வரி இருந்தது. எஞ்சினை எந்தக் கியரிலும் திணறவிடாதே என்பது அந்த வரி. தகப்பனார் முதல் வரியின் கீழ்ச் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார். இரண்டாவது வரியின் கீழ் ஒரு கோடும் இல்லை. கியரை உயர்த்தினால் எஞ்சினுக்குச் சுற்று குறைவு. சுற்று குறைந்தால் தேய்மானம் குறைவு என்பது அவருடைய தர்க்கம். ஆகவே இருபத்தைந்து கிலோ மீட்டர் வேகத்திலேயே டாப் கியருக்குப் போய்விடுவார். கார், சுமை தூக்க மாட்டாத கிழவரைப் போல முக்கி முனகிக்கொண்டு போகும். "எவ்வளவு நிதானமாகப் போகிறது, பார்த்தாயா?" என்பார் அவர்.

ஒரு மாதம் ஆவதற்குள் சில துர்ச்சகுனங்கள் தோன்றின. காலையில் பார்க்கும்போதெல்லாம் எண்ணெய் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்தது. சைலன்ஸரிலிருந்து நீல நிறமாக ஒரு புகை எட்டிப் பார்த்தது. தகப்பனாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு அவர் செய்த பரிகாரம், நாற்பதை முப்பத்தைந்தாகக் குறைத்ததுதான். கால் மணி நேரச் சூடேற்றத்தை அரை மணியாக உயர்த்தினார். எண்ணெய் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

இப்படி இருக்கையில் சித்திரை மாதம் வந்தது. வெயில் தாங்காமல் மனிதர்கள் வாசல் திண்ணையில் படுத்தார்கள். மற்ற ஜீவன்களும் குளிர்ந்த இடம் தேடின. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், வழக்கம்போல் கித்தானை எடுப்பதற்காக நாம் கொட்டகைக்குள் போனோம். வெறுங்கால். மடித்துக் கிடந்த துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தோம். உஸ் என்று பெரிதாக ஒரு சீறல். பாதத்தில் நெருப்பை வைத்ததுபோல் இருந்தது.

கண்ணாடி விரியன் என்று பாட்டியார் பார்த்த மாத்திரத்தில் சொன்னாராம். யாரோ ஒருவர் கணுக்காலுக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டினார். அப்படி இறுக்கிக் கட்டுவது கூடாது, காலை அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே முதல் உதவி என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்று யாருக்கும் அது தெரியாது. அடுத்த தெரு வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, வீக்கத்தின் மேல் விரலை வைத்து, "ஒரு நிமிஷமும் இங்கே நிற்காதீர்கள், தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள்" என்றார்.

மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் ஏறக்குறைய நாற்பது கிலோ மீட்டர். தகப்பனாருடைய சட்டப்படி போனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும்.

தாயார் முன் ஸீட்டில் உட்கார்ந்து நம்மை மடியில் கிடத்திக்கொண்டார். நம் தலை தகப்பனாரின் முழங்கைப் பக்கம் இருந்தது. பாம்பு கடித்தவனைத் தூங்க விடக்கூடாது என்பது ஊர் நம்பிக்கை. கார் கிளம்பும்போதே பாட்டியார் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "ஏண்டா, பிள்ளையைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ!" என்று கத்தினார். கால் முழுவதும் வெடித்துவிடும்போல வலித்தது. நாக்கு உலர்ந்து, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும், அதுவரையில் நாம் கேட்டிராத ஒரு சத்தத்தை எஞ்சின் போட ஆரம்பித்தது. முனகலும் இல்லை, முக்கலும் இல்லை. கம்பீரமான ஒரே நாதம். நம் கண்ணுக்கு நேரே முள் ஏறிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தினால் நம் வாய் தானே, "நாற்பது, அப்பா!" என்றது.

தாயார் அழத் தொடங்கிவிட்டார். தகப்பனார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்புறம் எத்தனை? சொல்லிக்கொண்டே வா. ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்" என்றார்.

அப்படியே சொல்லிக்கொண்டு போனோம். ஐம்பது, அப்பா. ஐம்பத்தைந்து, அப்பா. சாலையின் இருபுறமும் புளிய மரங்கள் விளக்கு வெளிச்சத்தில் எழுந்து எழுந்து பின்னால் விழுந்தன. ஏரிக்கரையின் காற்று முகத்தில் அடித்தது. வடுவூர் என்று தாயார் சொன்னார். எழுபது, அப்பா. நம் குரல் தாழும்போதெல்லாம், "கேட்கவில்லை, உரக்கச் சொல்!" என்று தகப்பனார் அதட்டினார். எதிரே மாட்டு வண்டி வந்தபோது கியரைக் குறைத்து, அதைக் கடந்ததும் மறுபடி விரட்டினார். முள் எண்பதையும் தாண்டிப் போயிற்று. கடைசியாக நாம் சொன்ன எண் என்னவென்று நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு வெள்ளை உடுப்பும், பினாயில் நாற்றமும், கையில் குத்திய ஊசியுமே நினைவிருக்கின்றன. நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்ததாகப் பின்னால் சொன்னார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் தாம் உறுதி சொல்லியிருக்க முடியாது என்று டாக்டர் தாயாரிடம் சொன்னாராம்.

பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்ற கோலத்தைப் பார்த்து நமக்குப் பயமாயிருந்தது. சக்கரமெல்லாம் புழுதி, கண்ணாடியெல்லாம் பூச்சிகள், மேலே காக்கை எச்சம். பதினோரு நாளும் தகப்பனார் அதைத் துடைக்கவே இல்லை. நம்மைத் தூக்கிக்கொண்டு வந்தவர், காரைப் பார்க்காமலே கதவைத் திறந்து ஸீட்டில் கிடத்தினார்.

மறுநாள் மெக்கானிக் பாய் வீட்டுக்கு வந்தார். கூத்தாநல்லூர்க்காரர், அறுபது வயது, லாரி எஞ்சின்களைத் தொட்டுப் பார்த்தே ஜாதகம் சொல்லக்கூடியவர். தகப்பனார் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவரைப்போல், "பாய், பழகாத வண்டியை எண்பதுக்கு மேல் விரட்டிவிட்டேன். எஞ்சின் போயிருக்கும். என்ன செலவானாலும் சொல்லுங்கள்" என்றார்.

பாய் எண்ணெயைப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, சைலன்ஸருக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தாமே ஓட்டிக்கொண்டு கடைத்தெரு வரை போய் வந்தார். "தஞ்சாவூர் போய் வந்த பிறகு எண்ணெய் எவ்வளவு ஊற்றினீர்கள், வக்கீலய்யா?" என்று கேட்டார்.

தகப்பனார் யோசித்துப் பார்த்து, "ஊற்றவே இல்லையே!" என்றார்.

"புகை?"

தகப்பனார் விழித்தார். புகையும் இல்லை.

பாய் சிரித்தார். "தினமும் காலையில் அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டீர்கள். மற்ற நேரத்தில் டாப் கியரில் நத்தை மாதிரி ஊர்ந்தீர்கள். எஞ்சினுக்குள்ளே அழுத்தம் இருந்தால்தானே, ஐயா, ரிங்கு வெளியே தள்ளிச் சுவரோடு சேரும்? வேலையே கொடுக்காமல் ஓட்டினால் சுவர் வழவழவென்று ஆகிவிடும், ரிங்கு படியாது, எண்ணெய் மேலே ஏறிப் புகையும். அன்றைக்கு நீங்கள் வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஒரேயடியாகக் கொடுத்ததுதான் தப்பு. நல்ல வேளை, அறுநூறு கிலோ மீட்டர் ஓடியிருந்தது, அதனால் தாங்கிக்கொண்டது. அன்றைக்கே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலும் நின்றிருக்கும். இதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்."

திண்ணையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், "இவ்வளவுதானா? இது எனக்குத் தெரியுமே!" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"புதிதாகக் கொத்தின அம்மியில் முதல் நாளே சட்னி அரைப்பார்களா? கல் வாயில் போகும். அதற்காக, அம்மி நோகுமென்று குழவியை வெறுமே உருட்டிக்கொண்டிருந்தால் அம்மி பழகுமா? தவிட்டைப் போடு, ஊற வைத்த அரிசியைப் போடு. அழுத்தி அரை. வழித்து எறி. மறுபடி அரை. நாலு தரம் செய்தால் அம்மி பழகிவிடும். இதற்குப் புத்தகம் வேறு எழுதியிருக்கிறானாக்கும்!"

பாய் கைகூப்பிவிட்டார். "பெரியம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை" என்றார். தகப்பனார் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, இரண்டாவது வரியை உரக்கப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் அதன் கீழும் இரண்டு கோடு போட்டார்.

அன்று முதல் பாய் சொன்ன முறைப்படி கார் பழகியது. கிளப்பியவுடன் ஒரு நிமிஷத்துக்குமேல் நிற்காமல் மெதுவாகப் புறப்படுவது. முப்பது, நாற்பது, ஐம்பது என்று வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவது. ஏற்றம் வந்தால் கியரைத் தயங்காமல் குறைப்பது. சற்று அழுத்தி ஏறவிட்டு, உடனே காலை எடுத்து ஆறவிடுவது. 800 கிலோ மீட்டர் ஆனதும் பழைய எண்ணெயைச் சூடாயிருக்கும்போதே பாய் ஒரு தகரத்தில் வடித்தார். வெயிலில் அதைச் சாய்த்துக் காட்டினார். கரிய எண்ணெய்க்குள் மிக மெல்லிய பொடி ஒன்று பொன்போல மின்னியது. "இரும்பும் பித்தளையும் தேய்ந்து வந்த தூள், தம்பி! பெரியம்மா சொன்னாரே, முதல் நாள் மாவு, அது இதுதான். இதை வெளியே கொட்டாவிட்டால் உள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கும்" என்றார். சிலிண்டர் தலையின் திருகுகளை வரிசைப்படி இறுக்கினார். டாப்பெட்டுகளின் இடைவெளியைத் தகட்டால் அளந்து சரி செய்தார். அடியில் படுத்துக்கொண்டு, முன் சக்கரத்து மூட்டுகளுக்குத் துப்பாக்கியால் கிரீஸ் ஏற்றினார். இத்தனையையும் நாம் கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கார் நம் வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தது. நம் தங்கையின் கல்யாணத்துக்குப் பெண்ணையும் சுமந்தது, வாழை மரத்தையும் சுமந்தது. அதன் எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய நேர்ந்தது இரண்டே தடவை. கித்தான் துணியைத் தகப்பனார் மறுபடி வாங்கவே இல்லை. கொட்டகையையும் பிரித்துவிட்டு, கீற்றை வீட்டுக் கூரைக்குப் போட்டார். பெயின்ட் வெளுத்தது, கதவில் நாலு கீறல் விழுந்தது. நம் முழங்கால் காரில் இடித்துக்கொண்டால், அவர் கை முதலில் முழங்காலுக்கு வந்தது. உத்தர்பாராத் தொழிற்சாலையில் 2014-ஆம் வருஷம் அம்பாசிடர் செய்வதை நிறுத்தினார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "நல்ல வண்டி. நாம்தான் முதலில் அதற்குச் சரியாக வேலை கொடுக்கத் தெரியாமல் இருந்தோம்" என்றார். 2017-ல் அவர் காலமானார்.

நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஜூன் மாதத்தில் புதிதாக வந்து சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர்களில் இரண்டு விதத்தினர் உண்டு. முதல் நாளே எண்பதில் விரட்டச் சொல்பவர்கள் ஒரு விதம். "சார், பிள்ளைக்கு எதுவும் கஷ்டமாகக் கொடுத்துவிடாதீர்கள்" என்று காதோடு சொல்பவர்கள் மற்றொரு விதம். இரண்டு சாராரும் பிள்ளையிடம் வைத்திருக்கும் அன்பில் நமக்குச் சந்தேகமே இல்லை. புத்தகத்தில் ஆளுக்கு ஒரு வரியைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்போதெல்லாம் நமக்குப் பாட்டியாரின் அம்மி நினைவுக்கு வரும்.

புதுக் காரின் முதல் பிரயாணத்தை எழுதி வைக்கலாம் என்று, தகப்பனாரின் பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுத்தோம். 1984 சித்திரைப் பக்கம் திறந்துகொண்டது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தைந்து என்று வேகங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த இரவுக்கு உரிய வரியில், மன்னார்குடி, தஞ்சாவூர், கிலோ மீட்டர் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. உயர்ந்த வேகம் என்ற கட்டத்தில் மட்டும் எண் இல்லை. அதற்குப் பதிலாக, "பையனைக் கேட்க வேண்டும்" என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்: எண்பத்தெட்டு, அப்பா.